பனியைத் தாங்கும் ஆர்க்கிட்: தோட்டத்து மண்ணில் நடுவது எப்படி?

ஆர்க்கிட் என்றாலே வீட்டுக்குள் வைக்கிற தொட்டிச்செடி என்று நினைக்காதீர்கள், சைப்ரிபீடியம் மாதிரியான வகைகள் பனி மூடிய மண்ணுக்குள் உறங்கிவிட்டு வசந்தத்தில் தானாகத் துளிர்க்கும், சொல்லப்போனால் அந்தக் குளிர் உறக்கம் அவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். இலையுதிர் காலத்தில் நடுங்கள். காலை வெயில் மட்டும் படும் இடம் நல்லது. குளிரைவிடப் பெரிய ஆபத்து வேரில் தேங்கும் தண்ணீர்தான். அதனால் மண்ணில் தண்ணீர் வடிய உதவும் பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்மணிகளைத் தாராளமாகக் கலந்து, வேர்களைச் சிலந்திக்கால் போலப் பக்கவாட்டில் பரப்பி, வேர்களின் நடுவே இருக்கும் துளிர் மொட்டுக்கு மேல் 2 முதல் 3 செ.மீ. மண் இருக்கும்படி மூடுங்கள். அப்புறம் மேலே பைன் சருகு. கோடையில் மண் காயவே கூடாது. காட்டில் தோண்டிய செடியைத் தயவுசெய்து வாங்காதீர்கள், பெரும்பாலும் பிழைக்காது, காட்டிலும் ஒன்று குறைந்துவிடும். விதையிலிருந்து வளர்த்ததா என்று கேட்டே வாங்குங்கள்.