மழைச் சத்தமும் உறைந்த கால்களும்: என் அனுபவம்

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு, அடையாற்று வெள்ளம் ஜாபர்கான்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு ஏறியபோது, அம்மா கூப்பிட்டும் நகராமல், ரேஷன் அட்டையைக் கையில் பிடித்தபடி நான் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் தோளை உலுக்கிய பிறகே மாடிப்படி ஏறினேன்.

அதன்பின் பல மாதங்கள், தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடத்தது. அதைவிட, அம்மாவை விட்டுவிட்டு நின்றேனே என்ற குற்ற உணர்வுதான் என்னை அரித்தது.

பேராபத்தில் உடல் உறைந்துபோவது கோழைத்தனமன்று, தப்பி ஓடுவதையும் எதிர்த்து நிற்பதையும் போல மூளை தானாகவே எடுக்கும் தற்காப்பு என்று மனநல மருத்துவர் விளக்கியபோது, அந்தப் பாரத்தில் பாதி அன்றே இறங்கியது. மீதிக்குப் பயிற்சி தேவைப்பட்டது. மழைச் சத்தப் பதிவொன்றை, முதலில் மிகக் குறைந்த ஒலியில், அம்மா அருகில் இருக்க, படபடப்பு தானாகத் தணியும் வரை அணைக்காமல் கேட்டேன். வாரந்தோறும் ஒலியைக் கூட்டினேன். மூச்சை மிக மெதுவாக வெளிவிடுவதும் உதவியது. (மருத்துவரின் துணையின்றி இதை யாரும் தொடங்க வேண்டாம், 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.)

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டிய இரவில், மெயின் சுவிட்சை அணைத்து, மருந்துப் பையை எடுத்துக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துச் சென்றேன்.