“மனுஷிதான் சார்”: ஆளையும் இயந்திரத்தையும் பிரித்துப் பார்ப்பதில் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் வீட்டில் மூன்று நாளாக இன்டர்நெட் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். “தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம் சார்” என்ற அதே வாக்கியம் நாலாவது தடவை வந்ததும் பொறுமை போய்விட்டது. “மெஷின்கிட்ட பேசி என்ன ஆகப்போகுது, யாராவது மனுஷங்ககிட்ட லைன் குடுங்க” என்று கத்தினேன். அந்தப் பக்கம் இரண்டு நொடி சத்தமே இல்லை. பிறகு சின்னதாக ஒரு இருமல். “மனுஷிதான் சார். இப்படித்தான் பேசணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க.”

அதே வாரம் ஒரு கடையின் செயலியில், “கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்” என்று சாட்டில் பதில் சொன்னவருக்கு மனதார நன்றி எழுதினேன். அது மென்பொருள். மனுஷி எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறாள், மென்பொருள் ஆறுதல் சொல்கிறது. பேசுகிற தோரணையை வைத்து ஆளை முடிவு செய்வதுதான் நாம் எல்லோரும் செய்கிற முதல் தவறு. மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

இது இன்று வந்த பழக்கமும் இல்லை. 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் ‘எலைசா’ என்ற நிரலை வெளியிட்டார். மனநல ஆலோசகர் பேசுவதுபோல அது பேசும். உள்ளே பெரிய சூட்சுமம் எதுவும் கிடையாது. நாம் தட்டச்சு செய்ததில் ‘அம்மா’ என்று வந்தால் குடும்பத்தைப் பற்றிக் கேட்கும், ‘என்’ என்பதை ‘உங்கள்’ என்று மாற்றி நம் வாக்கியத்தையே கேள்வியாகத் திருப்பிப் போடும். அது உருவானதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, நாலு வரி பேசியதும் வைசன்பாமை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். பதில் கோர்வையாக வந்தால் உள்ளே ஒரு மனசு இருப்பதாக நாமே நினைத்துக்கொள்கிறோம். எலைசாவிடமே இப்படி என்றால், இன்றைய சாட்பாட்களிடம் கேட்கவே வேண்டாம். ராத்திரி தூக்கம் வராமல் அவற்றிடம் மனம் விட்டுப் பேசுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘என்னைப் புரிந்துகொண்டது’ என்று நம்பி, மருந்தை நிறுத்துவதையும் வேலையை விடுவதையும் அது சொன்னபடி முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது, காதையும் கண்ணையும் நம்புவது. எங்கள் பெரியம்மாவுக்கு ஒருநாள் மதியம் போன் வந்தது. “அம்மா, வண்டி மோதிடுச்சு, உடனே பணம் அனுப்பு.” அழுகிற குரல், அச்சு அசல் அண்ணன் குரல். மிமிக்ரியோ மென்பொருளோ, அவரைப் பொறுத்தவரை அது பிள்ளையின் அழுகை. அடுப்பை அணைக்கக்கூட மறந்து ஜிபே-யைத் திறந்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா அண்ணனின் பழைய நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்த்தார். அண்ணன் ஆபீஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

3 நொடிக் குரல் பதிவை வைத்தே ஒருவர் பேசுவதுபோல் பேசவைக்கும் ‘வால்-இ’ என்ற ஏஐ மென்பொருளை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியிலேயே காட்டிவிட்டார்கள். முகமும் இனி சாட்சி ஆகாது. 2024-இல் ஹாங்காங்கில் ஆரப் நிறுவன ஊழியர் ஒருவர் வீடியோ கூட்டத்தில் மேலதிகாரியையும் சக ஊழியர்களையும் ‘நேரில்’ பார்த்துவிட்டு, 15 தவணையாக 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். அந்தக் கூட்டத்தில் அவரைத் தவிர எல்லோரும் போலி. கண் சிமிட்டுகிறதா பார், விரலை எண்ணிப் பார் என்று வாட்ஸ்அப்பில் வரும் யோசனைகளை நம்பி இருக்காதீர்கள். போலி முகங்கள் சரியாகக் கண் சிமிட்டுவதில்லை என்று 2018-இல் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள், கொஞ்ச நாளில் போலிகள் சிமிட்டத் தொடங்கிவிட்டன. போனை கட் செய்யுங்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால், இந்தியாவில் இருப்பவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. மனிதர் எழுதியதை ‘இது ஏஐ’ என்று தள்ளிவிடுவது. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை, ஏஐ எழுத்தைக் கண்டறியும் 7 கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர்களே எழுதிய அவற்றில் சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியதாகக் கருவிகள் கூறின. காரணம் எளிது. அடுத்து என்ன சொல் வரும் என்று எளிதில் ஊகிக்க முடிந்தால் அது இயந்திர எழுத்து என்பது இந்தக் கருவிகளின் கணக்கு. இரண்டாம் மொழியில் எழுதுகிறவர் தெரிந்த சொற்களை வைத்துப் பத்திரமாகத்தானே எழுதுவார்? தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, இலக்கணப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் பழகிய பிள்ளை இந்த வலையில் முதலில் சிக்கும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம், தானே கொண்டுவந்த கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. வெளியிட்ட ஆறே மாதத்தில்!

கல்லூரியில் பாடம் நடத்தும் என் தோழி இந்தக் கருவிகளைத் தொடுவதே இல்லை. சந்தேகம் வந்தால் மாணவரை ரஃப் நோட்டோடு பக்கத்தில் உட்காரவைக்கிறார். ஒரு பையனின் நோட்டில் ஒரே வரி ஐந்து விதமாக எழுதி அடிக்கப்பட்டிருந்ததாம், ஓரத்தில் தமிழில் ‘இதுக்கு இங்கிலீஷ்ல என்ன?’ என்ற குறிப்போடு. எழுத்துப்பிழை இருந்தால் மனிதர், இல்லாவிட்டால் இயந்திரம் என்ற கணக்கும் வேண்டாம். பிழையோடு எழுதச் சொன்னால் மென்பொருள் அதையும் செய்யும்.

நிறுவனம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘அது சாட்பாட் சொன்னது, நாங்கள் சொல்லவில்லை’ என்று கைகழுவ முடியாது. பாட்டி இறந்த துக்கத்தில் டிக்கெட் எடுத்த ஒருவரிடம், பயணத்துக்குப் பிறகும் துக்கக் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் தவறாகச் சொன்னது. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம், பாட் சொன்னதற்கும் நிறுவனமே பொறுப்பு என்று இழப்பீடு கொடுக்க வைத்தது. பாட் என்றால் பாட் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். மனிதரிடம் போக ஒரு வழியும் வையுங்கள். அந்த மனிதரையாவது மனிதராகப் பேச விடுங்கள்.

அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்டதும், அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “சார், உங்க தெருவுல பள்ளம் தோண்டினப்ப கேபிளை வெட்டிட்டாங்க. நாளைக்கு சாயங்காலம் வந்துரும், ஆபீஸ் வேலை இருந்தா இன்னிக்கு போன்ல நெட் போட்டுக்கோங்க.” மூன்று நாளில் எனக்குக் கிடைத்த முதல் தகவல் அது. உடனே குரல் மாறியது. “வேறு ஏதேனும் உதவி தேவையா சார்? தங்கள் பொன்னான நேரத்திற்கு நன்றி.”