வீட்டு மீடியா சர்வருக்குக் கோப்புகள் மெதுவாகப் போகின்றனவா? தடை எங்கே என்று கண்டுபிடிக்கும் முறை

40 ஜிபி அளவுள்ள ஒரு திரைப்படக் கோப்பை லேப்டாப்பிலிருந்து சர்வருக்கு நகலெடுக்க ஒரு மணி நேரம் ஆகிறது என்றால், உடனே சர்வரின் அமைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கத்தான் பலருக்கும் தோன்றும். அந்த ஒரு மணி நேரம் என்ற கணக்கிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது என்பதால், எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பதே இங்கு பரிந்துரைக்கப்படும் வழி.

ராஸ்பெரி பை 4 என்ற சிறிய ஒற்றைப் பலகைக் கணினி, அதன் யுஎஸ்பி போர்ட்டில் ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க், அக்கணினியைக் கோப்புச் சர்வராக்கும் லினக்ஸ் மென்பொருளான ஓப்பன்மீடியாவால்ட், படம் பார்க்க ஜெல்லிஃபின் என்ற மென்பொருள், கோப்புகளை அனுப்ப ஒரு விண்டோஸ் லேப்டாப் என்ற எளிய அமைப்பை இங்கே எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் இருப்பது பழைய டெஸ்க்டாப்பாகவோ கடையில் வாங்கிய நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் கோப்புச் சேமிப்பு) பெட்டியாகவோ இருந்தாலும் சோதிக்கும் வரிசை மாறாது.

படி 1: வேக எண்ணைப் படியுங்கள்

சில ஜிபி அளவுள்ள ஒரே ஒரு பெரிய கோப்பைச் சர்வருக்கு நகலெடுக்கத் தொடங்கி, விண்டோஸ் காட்டும் சாளரத்தில் கூடுதல் விவரங்களை விரித்து வையுங்கள். அங்கே தெரியும் எண் ஒரு நொடிக்கு எத்தனை மெகாபைட் என்பதைச் சொல்கிறது. ரவுட்டர் பெட்டியிலும் கேபிளிலும் அச்சிட்டிருக்கும் எண்ணோ மெகாபிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 1000 மெகாபிட் இணைப்பு கணக்குப்படி 125 மெகாபைட் தர வேண்டும். நெறிமுறைகளின் கூடுதல் சுமை போக, நடைமுறையில் 110 மெகாபைட்டை ஒட்டிக் கிடைத்தால் அந்த இணைப்பு முழு வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். அதற்குமேல் அதில் தேடிப் பயனில்லை.

வேகம் ஏறாமல் இறங்காமல் 11 மெகாபைட் அருகிலேயே நின்றால், வழியில் எங்கோ ஓரிடத்தில் இணைப்பு 100 மெகாபிட்டுக்குச் சுருங்கியிருக்கிறது. மேலே சொன்ன ஒரு மணி நேரக் கணக்கு சரியாக இதுதான். 30 முதல் 40 வரை நின்றால் யுஎஸ்பி 2.0 போர்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். நூறுக்கு மேல் தொடங்கிச் சற்று நேரத்தில் சரிந்தால் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். அலைபோல ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் வைஃபையை முதலில் பாருங்கள். இந்த அடையாளங்கள் தீர்ப்பு அல்ல; எந்தப் படியில் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பதைச் சொல்பவை.

படி 2: கேபிளும் போர்ட்டும்

முதலில் லேப்டாப், சர்வர் இரண்டையும் வயர் மூலம் ரவுட்டரில் இணையுங்கள். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு துண்டுத் தரவும் லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து சர்வருக்கு மறுமுறை என்று காற்றில் இரண்டு தடவை போக வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். சர்வரை மட்டுமாவது வயரில் வைத்தாலே இந்த இரட்டைச் செலவு தீரும்.

பிறகு விண்டோஸ் அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குள் ஈதர்நெட்டைத் திறந்தால் இணைப்பு வேகம் தெரியும். 1000 என்று இருந்தால் நல்லது; 100 என்று இருந்தால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. 100 மெகாபிட்டுக்கு கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளில் இரண்டு ஜோடி போதும், ஆனால் கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரே ஒரு கம்பி பிளக்குக்குள் சரியாகப் பதியாமல் போனால்கூட, இணைப்பு அறுந்துவிடாமல், எந்த எச்சரிக்கையும் காட்டாமல், குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடக்கூடும். இணையம் வழக்கம்போல வந்துகொண்டிருப்பதால் மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. கேட் 5இ அல்லது அதற்கு மேற்பட்ட வேறு கேபிளை மாட்டி மீண்டும் பாருங்கள்.

சர்வர் பக்கத்தில் ஈத்டூல் (ethtool) என்ற கட்டளை இதே விவரத்தைத் தரும். இரண்டு பக்கமும் 100 என்றே காட்டி, கேபிளை மாற்றியும் பலனில்லை என்றால், ரவுட்டரின் போர்ட்டுகளே அவ்வளவுதான் என்று கொள்ளலாம். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் இதுதான் நிலை. அதற்காக ரவுட்டரை மாற்ற வேண்டியதில்லை. ஒரு சிறிய கிகாபிட் ஸ்விட்ச் (பல நெட்வொர்க் வயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) வாங்கி, லேப்டாப்பையும் சர்வரையும் அதில் இணைத்து, ஸ்விட்சிலிருந்து ஒரு வயரை ரவுட்டருக்குக் கொடுத்தால், இவ்விரண்டுக்கும் இடையிலான கோப்புகள் ரவுட்டரைத் தொடாமல் ஸ்விட்சுக்குள்ளேயே கடந்துவிடும்.

சர்வர் பழைய ராஸ்பெரி பை என்றால் ஒரு எச்சரிக்கை: பை 3பி மாடலின் ஈதர்நெட் 100 மெகாபிட்தான். 2018இல் வந்த 3பி பிளஸ் கிகாபிட் என்று சொல்லப்பட்டாலும், உள்ளே யுஎஸ்பி 2.0 வழியாக ஓடுவதால் ஏறக்குறைய 300 மெகாபிட்டைத் தாண்டாது. 2019இல் வந்த பை 4 தான் முழுக் கிகாபிட் தருகிறது.

படி 3: ஹார்ட் டிஸ்கை விலக்கி நெட்வொர்க்கை மட்டும் அளத்தல்

இதற்கு ஐபெர்ஃப்3 (iperf3) என்ற இலவச நிரல் போதும். அது நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கே தரவை அனுப்புவதால் ஹார்ட் டிஸ்கின் வேகம் இதில் கலக்காது. நிரலை இரண்டு கணினிகளிலும் நிறுவி, சர்வரில் அதன் பெயருக்குப் பின் ஓர் இடைவெளி விட்டுக் கழித்தல் குறியும் சிறிய எஸ் எழுத்தும் தட்டுங்கள். லேப்டாப்பில் அதே பெயருக்குப் பின் கழித்தல் குறி, சிறிய சி எழுத்து, இடைவெளி, சர்வரின் ஐபி முகவரி என்று கொடுங்கள். முடிவு 940 மெகாபிட் அருகே வந்தால் நெட்வொர்க் குற்றமற்றது. லேப்டாப் பக்கக் கட்டளையின் முடிவில் கழித்தல் குறியுடன் பெரிய ஆர் எழுத்தைச் சேர்த்தால் எதிர்த்திசையும் அளக்கப்படும். ஒரு திசை மட்டும் மெதுவாக இருப்பதும் உண்டு என்பதால் இதைத் தவறவிட வேண்டாம்.

படி 4: ஹார்ட் டிஸ்க்

நெட்வொர்க் சரியாக இருந்தும் கோப்பு மெதுவாகப் போனால் விசாரணை இங்கே வந்து சேர்கிறது. பை 4 பலகையில் நீல நிற யுஎஸ்பி போர்ட்டுகள் இரண்டும் 3.0, கறுப்பு நிறத்தவை இரண்டும் 2.0. டிஸ்க் கறுப்பில் செருகப்பட்டிருந்தால் நீலத்துக்கு மாற்றுங்கள். பிறகும் ஐயம் இருந்தால் யுஎஸ்பி இணைப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையுடன் கழித்தல் குறியும் டி எழுத்தும் சேர்த்துப் (lsusb -t) பாருங்கள். டிஸ்கின் வரியில் 5000எம் என்று வர வேண்டும். நீலப் போர்ட்டில் இருந்தும் 480எம் என்று வந்தால் டிஸ்குடன் வந்த கேபிளை மாற்ற வேண்டும்.

டிஸ்கின் வேகத்தை அளக்க டிடி என்ற கட்டளையைப் பல இடங்களில் பரிந்துரைக்கிறார்கள். எழுத வேண்டிய இடத்தின் பெயரைத் தவறாகக் கொடுத்தால் டிஸ்கில் உள்ள அனைத்தையும் அது அழித்துவிடும் என்பதால் தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதைத் தொட வேண்டாம். அதற்குப் பதிலாக எச்டிபார்ம் கட்டளையைச் சிறிய டி விருப்பத்துடன் (hdparm -t) மட்டும் இயக்கினால் அது படிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

படிக்கும் வேகம் நன்றாக இருந்து, எழுதும்போது மட்டும் தொடக்கத்தில் வேகமாகவும் பின்னர் மிக மெதுவாகவும் ஆனால், அந்த டிஸ்க் எஸ்எம்ஆர் வகையாக இருக்கலாம். இவ்வகையில் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமைந்திருப்பதால், ஒரு தடத்தைத் திருத்தி எழுதப் பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. இடைக்காலச் சேமிப்புப் பகுதி நிரம்பும்வரை இது வெளியே தெரியாது. நிரம்பியதும் வேகம் சரியும். 2020 ஏப்ரலில், நாஸ் பெட்டிகளுக்கென்று விற்ற தன் ரெட் வரிசையின் 2 முதல் 6 டெராபைட் டிஸ்குகள் சிலவற்றிலும் இம்முறை இருப்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அமைப்புகளால் இதைச் சரிசெய்ய முடியாது. ஒருமுறை எழுதிப் பலமுறை பார்க்கும் திரைப்படங்களுக்கு இவ்வகை டிஸ்க் போதுமானதுதான். பெரிய தொகுப்பை இரவில் நகலெடுக்க விட்டுவிடுவதே நடைமுறைத் தீர்வு.

டிஸ்க் விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தால், லினக்ஸில் அதைப் படிக்க என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற நிரல் பயன்படுத்தப்படக்கூடும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு வெளியே இயங்கும் அந்த நிரல் பிராசசரில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்கிறது. சர்வரோடு நிரந்தரமாக இருக்கப்போகும் டிஸ்கை லினக்ஸின் சொந்தக் கோப்பு முறையான எக்ஸ்ட்4 வடிவுக்கு மாற்றுவது நல்லது. மாற்றும்போது உள்ளே இருப்பவை அழிந்துவிடும் என்பதால் முதலில் வேறிடத்தில் ஒரு பிரதி எடுத்துவையுங்கள்.

படி 5: நகலெடுக்கும் நேரத்தில் பிராசசர்

எந்த நிரல் பிராசசரை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று காட்டும் எச்டாப் (htop) நிரலைச் சர்வரில் திறந்து வைத்துக்கொண்டு கோப்பை அனுப்புங்கள். ஏதேனும் ஒரு கோர் நூறு சதவீதத்தில் நின்றால் அதை நிரப்பும் நிரலின் பெயரைப் பாருங்கள். அது ஜெல்லிஃபின் என்றால், புதிய படங்களைப் பட்டியலிட்டுக்கொண்டோ யாரோ பார்க்கும் படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டோ இருக்கிறது, முடியும்வரை காத்திருங்கள். எஸ்எஸ்எச் என்றால், நீங்கள் தரவை மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்எஃப்டிபி முறை வழியாக அனுப்புகிறீர்கள். பை 4இன் பிராசசரில் ஏஇஎஸ் மறைகுறியாக்கத்துக்கான வன்பொருள் வசதி இல்லாததால், வீட்டுக்குள் சாதாரண சாம்பா பகிர்வே (விண்டோஸ் கோப்புப் பகிர்வை லினக்ஸில் தரும் மென்பொருள்) வேகமானது. 2023இல் வந்த பை 5இல் அந்த வசதி உண்டு.

சாம்பா அமைப்புக் கோப்பில் சாக்கெட் விருப்பங்கள் என்ற வரியைச் சேர்த்தால் வேகம் கூடும் என்ற பழைய அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்றைய லினக்ஸ் அந்த அளவுகளைத் தானே சூழலுக்கேற்பச் சரிசெய்துகொள்கிறது. நீங்கள் ஓர் எண்ணைக் கட்டாயமாக நிர்ணயித்தால் வேகம் குறையவும் கூடும். அந்த வரி ஏற்கெனவே இருந்தால் நீக்கிவிடுங்கள்.

பெரிய கோப்பு வேகமாகவும் ஆயிரக்கணக்கான சிறிய படங்கள் அடங்கிய கோப்புறை மெதுவாகவும் போனால் அதில் பழுது எதுவும் இல்லை. ஒவ்வொரு கோப்பையும் திறக்க, எழுத, மூட எனத் தனித்தனியாகச் செய்திகள் போய்வர வேண்டியிருக்கிறது. அக்கோப்புறையை ஒரே ஜிப் கோப்பாக்கி அனுப்பிச் சர்வரிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்பும் முதலில் பயன்படுத்திய அதே பெரிய கோப்பையே மீண்டும் அனுப்பி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.