கன்வேயர் வேலையில் இருப்பவர்கள் ஏஐ வருமுன் செய்து வைக்க வேண்டியவை

நாமக்கல், பரமத்தி, திருச்செங்கோடு பக்கம் கோழித் தீவன ஆலைகளில் கன்வேயர் பெல்ட் (சரக்கை நகர்த்தும் பட்டை) பார்க்கிற தம்பிகள் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் கேட்பது இதுதான்: “ஏனுங்ண்ணா, மூட்டை எண்ணுற இந்த ஏஐ கேமரா வந்துட்டா நமக்கு வேலை இருக்குமுங்களா?” நான் பெல்ட்டில் ஆரம்பித்து, எலிவேட்டர் (தானியத்தை மேலே தூக்கும் இயந்திரம்), பேக்கிங் என்று எல்லா இடத்திலும் நின்று, இப்போது ஷிப்ட் பொறுப்பில் இருக்கிறவன். நான் சொல்லும் பதில்: வேலை இப்போது இருக்கிற மாதிரியே இருக்காது. அதில் எது போகும், எது நிற்கும் என்று இப்போதே பிரித்துப் பார்த்துக்கொண்டவர் தப்பிப்பார். கேமரா மாட்டி முடித்த பிறகு யோசித்தால் நேரம் போயிருக்கும்.

2013-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ரே, ஆஸ்போர்ன் என்ற இருவர் அமெரிக்காவில் உள்ள 702 வகை வேலைகளை எடுத்துக்கொண்டு, எதெல்லாம் கணினி வசம் போகும் என்று கணக்குப் போட்டார்கள். அங்கே உள்ள வேலைவாய்ப்பில் 47 சதவீதம் ஆபத்தில் இருப்பதாக வந்தது. கன்வேயர் ஆபரேட்டர் வேலை அதில் ஆபத்து மிகுந்த கூட்டத்தில்தான் இருந்தது. 2016-ல் ஓஇசிடி என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்புக்காக வேறு சிலர் அதே கேள்வியை வேறு விதமாகப் பார்த்தார்கள். ஒரு வேலையை மொத்தமாக எடுக்காமல், அதற்குள் ஆட்கள் என்னென்ன காரியம் செய்கிறார்கள் என்று தனித்தனியாகப் பார்த்தார்கள். 21 நாடுகளின் சராசரி 9 சதவீதமாக இறங்கிவிட்டது. இரண்டுமே வெளிநாட்டுக் கணக்குதான். ஆனால் இரண்டாவது ஆட்கள் பார்த்த மாதிரிதான் நாமும் நம் வேலையைப் பார்க்க வேண்டும்.

அதனால் முதல் காரியம், ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரு வாரத்துக்கு ஷிப்ட் முடிந்ததும், அன்றைக்குக் கையால், கண்ணால், காதால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஸ்விட்ச் போட்டது, மூட்டை எண்ணியது, பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்குகிறதா என்று பார்த்தது, ரோலரில் சுற்றிய சணலை அறுத்தது, டம்ப் பிட்டில் (லாரிச் சரக்கைக் கொட்டும் குழியில்) சோளம் இறங்காமல் நின்றபோது காரணம் கண்டுபிடித்தது, டிரைவரோடு சண்டை வராமல் லோடு முடித்தது, எல்லாமே. வார முடிவில் பாருங்கள். எண்ணுவது, ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது, குறித்த நேரத்துக்கு பட்டன் அழுத்துவது, அளவு எழுதுவது ஆகியவை மெஷினுக்குப் போகும். பட்டன் வேலை பல ஆலைகளில் பிஎல்சி (இயந்திரங்களைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) வந்த அன்றே போய்விட்டது. கை போட்டுச் சரி செய்வதும், இன்றைக்கு எது மாறியிருக்கிறது என்று சொல்வதும் மனிதரிடம் நிற்கும். உங்கள் நேரத்தில் பெரும்பகுதி முதல் வகையில் இருந்தால் அவசரம் உங்களுக்குத்தான்.

இதற்கு முன்மாதிரி நம் பக்கமே இருக்கிறது. காங்கேயம் அரிசி ஆலைகளுக்கு கலர் சார்ட்டர் வந்தபோது, கறுப்பு அரிசியும் கல்லும் பொறுக்கிய பெண்களின் வேலைதான் முதலில் போனது. கேமரா அரிசியைப் பார்க்கும், ஆகாத அரிசியைக் காற்றடித்துத் தள்ளும், அவ்வளவுதான். ஆனால் அந்த மெஷினுக்கும் ஓர் ஆள் வேண்டும். கண்ணாடியைத் துடைத்து, சென்சிட்டிவிட்டி கூட்டிக் குறைத்து, ரிஜெக்ட் பையில் கைவிட்டு நல்ல அரிசி எவ்வளவு போகிறது என்று பார்க்கிற ஆள். பொறுக்கிய கைகளுக்கு அரிசி நன்றாகத் தெரியும். அந்தப் பெண்களுக்கே அந்த மெஷினைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

தீவன ஆலைகளில் ஏஐ முதலில் நுழைவது பெரும்பாலும் லோடிங் பெல்ட்டில்தான், மூட்டை எண்ண. பெல்ட்டுக்கு மேலே ஒரு கேமரா இருக்கும். திரையில் குறுக்கே ஒரு கோடு. மூட்டை கோட்டைத் தாண்டினால் எண் ஒன்று கூடும். முதலாளிக்கு இது பிடிக்கும். டிரைவருக்கும் ஆலைக்கும் இடையில் கணக்குத் தகராறு குறையும். சரி, இதை நீங்கள் எப்படி எதிர்கொள்வது?

கேமரா வந்த நாளிலிருந்து ஒரு மாதம், நீங்களும் பக்கத்திலேயே கையால் எண்ணுங்கள். கணக்கு இடிக்கும்போதெல்லாம் நேரம், லாரி எண், காரணம் மூன்றையும் எழுதுங்கள். காரணங்கள் பெரும்பாலும் இவைதான். இரண்டு மூட்டை ஒட்டிக்கொண்டு வந்து ஒன்றாகப் பதிவாகும். கிழிந்த மூட்டையைப் பாதியில் எடுத்துத் தைத்து மறுபடி விட்டால் இரண்டாகும். லாரியில் இடமில்லாமல் பெல்ட்டை ரிவர்ஸ் எடுத்தால் குழம்பும். லென்ஸில் தவிட்டுத் தூசி படிந்தால் சாயங்காலத்துக்கு மேல் எண் குறைய ஆரம்பிக்கும். வெள்ளைச் சட்டை போட்ட லோடுமேன் குனிந்து குறுக்கே போனால் அவரும் ஒரு மூட்டை ஆகிவிடுவார். கேமரா கம்பெனி இன்ஜினியர் வந்தால் இந்த நோட்டைக் காட்டுங்கள். அவருக்கு வேண்டியது இதுதான். எந்த நிமிடத்து வீடியோவில் எது மூட்டை, எது மூட்டை இல்லை என்று யாராவது குறித்துக் கொடுத்தால்தான் அந்த மெஷின் திருந்தும். அந்த “யாராவது” நீங்களாக இருங்கள். ஆனால் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். உங்கள் பெயர் போட்டு, தேதி போட்டு, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சம்பளப் பேச்சில் அது பேசும்.

அடுத்தது எலிவேட்டர். பேரிங்கில் சூடு, அதிர்வு பார்க்கிற சென்சார்கள் வருகின்றன. அவற்றின் எண்களைப் பார்த்து “இது இன்னும் சில நாளில் போகும்” என்று மென்பொருள் சொல்லும். இதை நான் மனதார வரவேற்கிறேன். மக்காச்சோளத் தூசி காற்றில் அடர்ந்து நிற்கும்போது, உரசிச் சூடான ஒரு பேரிங் வெடிப்புக்கே காரணமாகலாம். ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் ஹவுசிங்கில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. கரகரவென்றால் கிரீஸ் இல்லை, டக் டக் என்று விட்டுவிட்டு வந்தால் உள்ளே உருளும் பந்தோ, அது ஓடும் வளையமான ரேஸோ போய்விட்டது. அந்தக் காதை விட்டுவிடாதீர்கள். சென்சார் அலாரம் அடித்த ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்டு, கேட்டதை எழுதுங்கள். சென்சாருக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது. உடுமலைப் பக்கம் அறுவடை நேரத்தில் மழை பிடித்து, ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் ஏறிய சோளம் வந்தால் எலிவேட்டரின் அடிப்பெட்டியான பூட்டில் கட்டிக்கொள்ளும், மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் (ஆம்ப்ஸ்) ஏறும். மென்பொருள் அதை மோட்டார் கோளாறு என்று சொல்லக்கூடும். காலையில் லாரித் தார்ப்பாயைத் தூக்கியபோதே வாசம் பிடித்தவருக்குத்தான் உண்மை தெரியும்.

இனி படிப்பு. கோடிங் படிக்கப் போகாதீர்கள், அது இப்போது வேண்டாம். மல்டிமீட்டர் பிடிக்கப் படியுங்கள். பேரிங் சூடு பார்க்கிற பிடி100 சென்சார் 0 டிகிரியில் 100 ஓம் காட்டும், 100 டிகிரியில் 138.5 ஓம். திரையில் 90 டிகிரி என்று அலறும்போது, இணைப்பைக் கழற்றி மீட்டர் வைத்துப் பாருங்கள். 112 ஓம் பக்கம் காட்டினால் பேரிங் 30 டிகிரியில்தான் இருக்கிறது, கோளாறு வேறு எங்கோ. அதேபோல் பல சென்சார்கள் அளவை அனுப்பும் 4–20 மில்லிஆம்ப் மின்னோட்டச் சிக்னல். அளவு பூஜ்யமாக இருந்தாலும் லைனில் 4 வர வேண்டும். 0 காட்டினால் பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கும், இல்லையென்றால் சப்ளை போயிருக்கும். இந்த இரண்டும் கைவந்தவரை யாரும் “வெறும் பெல்ட் ஆள்” என்று சொல்ல மாட்டார்கள். அப்புறம் விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) காட்டும் பழுதுக் குறியீடுகள். அவற்றை மொபைலில் உள்ள ஏஐயிடம் தமிழிலேயே கேட்கலாம், விளக்கமாகச் சொல்லும். ஆனால் ஒரே குறியீடு கம்பெனிக்குக் கம்பெனி வேறு பொருள் தரும். மேனுவலைப் பார்க்காமல் பேனலைத் திறக்கக் கூடாது. வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பிள்ளை இருந்தால் அரசு ஐடிஐயில் விசாரியுங்கள். தமிழகத்தில் 71 அரசு ஐடிஐகளை ரூ.2,877 கோடியில் தொழில் 4.0 (கணினியும் தானியங்கியும் சேர்ந்த புதுத் தொழில்நுட்பம்) மையங்களாக மாற்றியிருக்கிறார்கள். ரோபோ, சென்சார், ஆட்டோமேஷன் படிப்புகள் அங்கே உண்டு.

பாதுகாப்பு விஷயத்தில் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். “ஆள் கிட்டே போனா கேமராவே பெல்ட்டை நிறுத்திரும்” என்று சொல்லி புல் கார்டை (அவசரத்தில் இழுத்து பெல்ட்டை நிறுத்தும் கயிற்றை) கழற்றினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கயிற்றை இழுத்தால் பெல்ட் நிற்க வேண்டும், அதற்கு எந்தக் கணினியின் அனுமதியும் தேவைப்படக் கூடாது. சுத்தம் செய்ய இறங்கும்போது மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஸ்விட்சை ஆஃப் செய்து, உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பையில் வையுங்கள்.

கடைசியாகச் சட்டம். தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2020, 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. ஆட்குறைப்பில் முடியக்கூடிய இயந்திர மாற்றம் என்றால், நிர்வாகம் 21 நாள் முன்பே தொழிலாளிக்கு நோட்டீஸ் தர வேண்டும். ஒரு வருடத் தொடர் சேவை உள்ளவரை ஆட்குறைப்பில் அனுப்பினால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். இதோடு வேறு வேலை கற்றுக்கொள்வதற்கான மறுதிறன் நிதியாக 15 நாள் சம்பளம் 45 நாளுக்குள் அவர் கணக்கில் வர வேண்டும். ஒரு வருடத்துக்குள் அங்கேயே ஆள் எடுத்தால் அவருக்கு முன்னுரிமை. ஆகவே கேமரா கொட்டேஷன் வந்திருக்கிறது என்று காதில் விழுந்த உடனே, சங்கம் இருந்தால் சங்கம் மூலமாக, இல்லாவிட்டால் நான்கைந்து பேர் சேர்ந்து, எழுத்தில் கேளுங்கள்: எந்த இடத்தில் மாட்டுகிறீர்கள், அங்கே இருக்கிறவர் எந்த வேலைக்குப் போவார், பயிற்சி யாருக்கு, பயிற்சி நேரத்துக்குச் சம்பளம் உண்டா, அந்த வீடியோவை வைத்து எங்கள் மேல் நடவடிக்கை எடுப்பீர்களா?

கான்ட்ராக்டில் இருப்பவர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம்மோடு நிற்கிற தம்பிகள் உட்பட, இதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வேலைக் கடிதத்தையும் மாதாமாதம் சம்பளச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். யுஏஎன் (பிஎஃப் கணக்குக்கான உங்கள் தனி எண்) போட்டு பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து, எந்தக் கான்ட்ராக்டர் பெயரில் எந்த மாதத்திலிருந்து பணம் ஏறுகிறது என்று பாருங்கள். இடையில் மாதம் விட்டுப்போயிருந்தால் இப்போதே கேளுங்கள். நாளைக்கு எத்தனை வருடச் சேவை என்று கணக்குப் பார்க்கும்போது அந்தப் பாஸ்புக்கைத்தான் எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.