மைலேஜைத் தின்ற இடது சக்கரம்

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தந்த எங்கள் குடும்ப டீசல் வண்டி 11-க்கு இறங்கியதும், காட்பாடியில் டேங்கை முழுதாக நிரப்பி, திருவண்ணாமலை போய்வந்து, அதே பங்கில் மறுபடி நிரப்பிக் கணக்கிட்டேன்; குறைவு உண்மைதான். ஏர் ஃபில்டரை மாற்றியும் பயனில்லை. வேலூர் வெயிலில் ஏ.சி.யைக் குறை சொல்வது எளிது. ஆனால் வண்டியை நிறுத்தியதும் முன்பக்க இடது சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனபோது அங்கே மட்டும் அனல் அடித்தது. ஜாக்கியில் தூக்கிச் சுழற்றினால் அரைச் சுற்றிலேயே நின்றது. பிரேக் காலிப்பர் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மேல் பிரேக் பேடை அழுத்தும் பிடி) நகர உதவும் பின்கள் எனும் உலோகக் கம்பிகள் துருப்பிடித்து இறுகியதால், பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருந்தது. மெக்கானிக் பின்களைச் சுத்தம் செய்து, பிரேக்குக்குரிய கிரீஸையே தடவி (சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்), கிழிந்த ரப்பர் உறைகளையும் தேய்ந்த பேடுகளையும் மாற்றினார். அடுத்த டேங்கில் 14.6 கிடைத்தது.