பழஞ்சேலையில் ஒரு போர்வை

ஒரு மார்கழியில், அம்மாவுக்குத் துணையாக மதுரை ஆஸ்பத்திரி ஒன்றின் வராந்தாவில் 11 ராத்திரி படுத்திருந்தேன். தரைக் குளிர் முதுகெலும்பில் ஏறும். பக்கத்தில் படுத்திருந்த உசிலம்பட்டி அக்கா தன் சேலைப் போர்வையில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டார். ஊருக்கு வந்ததும் அதே மாதிரி தைக்க ஆரம்பித்தேன். துணைக்கு வந்து தரையில் படுப்பவர்களுக்கு வருடத்துக்கு ஏழெட்டு போகிறது.

நூல்சேலைதான் வேண்டும். பாலியஸ்டர் வழுக்கும், வியர்வையை உறிஞ்சாது. வெந்நீரில் அலசிக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். சுங்குடியைத் தனியாக ஊறவையுங்கள். நான் சேர்த்து ஊறவைத்து, முதல் போர்வை முழுக்க ரோஸ் கலரில் திட்டுத்திட்டாய்ப் போனது.

5.5 மீட்டர் சேலையை நீளத்தில் மூன்றாக மடித்தால் ஆறடி நீளம், நாலடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். மடிப்புக்குள் இன்னொரு சேலையிலிருந்து ஆறடித் துண்டு ஒன்று. நைந்த துணி என்றாலும் உள்ளே இருப்பதால் பரவாயில்லை. ஆக நாலு அடுக்கு. ஆறு வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் துவைத்தால் ஒரு பகலில் காயாது. ஜன்னல் கம்பியில் காயப்போடுகிறவர்களுக்கு அது ஆகாது.

இனிதான் பொறுமை வேண்டும். தரையில் விரித்து, நாலு மூலையிலும் படி, செம்பு ஏதாவது பாரம் வையுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவி, சாணுக்கு ஒரு ஊக்கு குத்துங்கள். நூலோட்டத்தையும் நடுவில்தான் தொடங்க வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் துணி தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் பொம்மிக்கொண்டு நிற்கும்; ஒரு மத்தியானம் முழுக்கத் தைத்ததைப் பிரித்திருக்கிறேன். இரட்டை நூல், தையல் ஒவ்வொன்றும் ஒரு நெல் நீளம், வரிக்கு வரி நாலு விரல் இடைவெளி. முடிச்சை அடுக்குக்குள் இழுத்து மறைத்துவிடுங்கள், உடம்பில் உறுத்தாது. வரி கோணலானால் ஆகட்டும்.

ஓரத்தை உள்ளே மடித்து நெருக்கமாகத் தையுங்கள். மெஷின் இருந்தால் இதற்கு மட்டும் போதும்.

அப்புறம் ஒரு மூலையில் முழ நீளத்துக்கு நாடா. காலையில் ஐந்து மணிக்கே பெருக்க வந்துவிடுவார்கள். சட்டென்று சுருட்டிக் கட்டிப் பைக்குள் செருக வேண்டியிருக்கும்.