ஈழத்து அகதிகளின் கதையை வாசிக்கப் போகிறீர்களா? பிடிஎப்பை விடுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் புத்தகத்தை முதலில் ஒருக்கால் உற்றுப் பாருங்கள். பக்கம் சரிந்து கிடக்கிறதா, ஓரத்தில் யாருடையதோ பெருவிரல் தெரிகிறதா? அப்படியென்றால் யாரோ ஃபோனில் படம் பிடித்துக் கோத்த பிரதி அது. அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். புத்தகமே வராத யுத்த காலத்தில் போட்டோகொப்பியில் வாசித்தோம், சரி, அது வேறு. இன்றைக்கு அந்தச் சாட்டு செல்லாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 வருடம் வரை உரிமை அவர் பக்கம்தான்.

காசில்லையா? ‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையத்தளத்தில் தேடுங்கள். ஈழத்து நூல்களும் இதழ்களும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன, உரியவர்களிடம் அனுமதி கேட்டு ஏற்றுகிறார்கள். இல்லாவிட்டால் எங்கள் பொது நூலகத்தில் போய், இந்தப் புத்தகத்தை எடுப்பியுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள்.

வாங்குவதென்றால் கொழும்பில் பூபாலசிங்கம் புத்தகசாலை இருக்கிறது, செப்டெம்பரில் புத்தகக் கண்காட்சியும் வரும், அங்கே போகிற ஆரிடமாவது சொல்லிவிட்டால் இரவு ரயிலில் திருகோணமலைக்கு வந்து சேர்ந்துவிடும். சென்னைப் பதிப்பின் விலை இங்கே வரும்போது பயமுறுத்தும்தான், நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி மாறி மாறி வாசியுங்கள், அதில் ஒரு களவும் இல்லை. எழுத்தாளருக்கு வழமையாகக் கிடைப்பது விலையில் பத்து வீதம், அதுவும் கைக்கு வந்தால். அதனால் கனடாவிலோ பிரான்சிலோ இருந்து சொந்தச் செலவில் அச்சடிக்கிறவர்களிடம் நேரே வாங்குவதுதான் எனக்குப் பிடித்த வழி. வெளியீட்டு விழாவுக்குப் போனால் வடையும் தேநீரும் முடிந்ததும் நழுவாமல் கவரில் காசு வைத்துக் கொடுத்து ஒரு பிரதி எடுங்கள்.

அப்புறம் வாசிப்பு. பக்கத்தில் ஒரு கொப்பி வைத்து ஆண்டையும் ஊரையும் குறித்துக்கொண்டு போங்கள்: திருகோணமலைப் பக்கம் சனம் இடம்பெயர்ந்த 1984 தென்னமரவடி, 2006 சம்பூர், கடல் தாண்டினால் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாம். ஒரே இடப்பெயர்வைப் பற்றி இரண்டு பேர் எழுதியதை அடுத்தடுத்து வாசித்தால், ஒருவர் சொல்லாமல் விட்டது மற்றவரிடம் இருக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேளுங்கள், ஆனால் துருவாதீர்கள், சிலருக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

பிடித்திருந்தால் எழுதியவருக்கு நாலு வரி எழுதுங்கள், எந்தப் பக்கம் என்றும் சொல்லுங்கள். ஸ்டேட்டஸில் போட ஆசையென்றால் உள்பக்கங்களை விட்டு அட்டையை மட்டும் போட்டு, எந்தக் கடையில் கிடைக்கும் என்று கீழே எழுதிவிடுங்கள்.